ரவுட்டரை ரீசெட் செய்யும் முன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோத்தகிரியில் நெட் போவது சகஜம். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போய்விடும். நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். அதனால் பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுவேன். போன மழையில் அது ரொம்பவே கைகொடுத்தது.

அன்று காலை வைஃபை இருந்தது, இன்டர்நெட் இல்லை. மோடத்தில், ஒளி சிக்னல் போனால் எரியும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு எரியவில்லை. அது சிவப்பாக மின்னினால் ஒளி சிக்னலே வீடு வரை வரவில்லை என்று பொருள். வழியில் ஃபைபர் அறுந்திருக்கலாம், கரண்ட் போய் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி தீர்ந்தும் இருக்கலாம். இங்கே எக்ஸ்சேஞ்சோடு தொடர்பைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தது. ஆக எக்ஸ்சேஞ்ச் வரை ஃபைபர் நன்றாக இருக்கிறது. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 போட்டு அதன் செட்டிங்ஸுக்குள் போனேன். வெளி இணைப்பைக் காட்டும் வான் (WAN) பக்கத்தில் கம்பெனி தரும் ஐபி முகவரி இல்லை, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைக்கும் பிபிபிஓஇ (PPPoE) இணைய முயன்றுகொண்டே இருந்தது. முகவரி இருந்தும் தளங்கள் திறக்காவிட்டால் கூகுளின் 8.8.8.8-க்கு பிங் அடிப்பேன், அதாவது பதில் வருகிறதா என்று சோதிப்பேன். பதில் வந்தால் பெரும்பாலும் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கோளாறுதான். இங்கே அதற்கே வழியில்லை.

சரி, ஒன்று என் கணக்கில் சிக்கல், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சுக்கு மேலே, கம்பெனியின் பக்கம் பழுது. பில் கட்டியாகிவிட்டது. வேறு கம்பெனி சிம்மில் என் இன்டர்நெட் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால், உங்கள் பகுதியில் சேவைத் தடை இல்லை என்றது. நான் அதை நம்பவில்லை. யாராவது பழுதைப் பதிந்தால்தானே அதில் தெரியும்? அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் கீழ்வீட்டு அண்ணனுக்கும் கட்டபெட்டில் இருக்கும் தோழிக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் வீட்டிலும் நெட் இல்லை.

கஸ்டமர் கேரில், "ரவுட்டரை ரீசெட் பண்ணுங்க மேடம்" என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அணைத்துப் போட்டால் ஒன்றும் அழியாது. ரீசெட் துளையில் ஊசியால் அழுத்தி ஃபேக்டரி ரீசெட் செய்தால் பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வேர்டு, இணைப்புக்குத் தேவையான விலான் (VLAN) எண் எல்லாம் போய்விடும். அப்புறம் மேலே சரியானாலும் நம் வீட்டுக்கு மட்டும் நெட் வராது. விளக்குகளின் நிலையையும் மூன்று வீட்டிலும் நெட் இல்லாததையும் சொல்லி, பகுதிப் பழுதாகவே பதியவைத்துப் புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

மலைப்பாதையில் கேபிள் அறுந்திருப்பதாகச் சாயங்காலம் லைன்மேன் சொன்னார். இரவு வான் முகவரி தானாகவே வந்தது. கீழ்வீட்டு அண்ணன் கஸ்டமர் கேரில் சொன்னபடி ரீசெட் செய்திருந்தார். மறுநாள் டெக்னீஷியன் வந்து பயனர் பெயரை மறுபடி போட்ட பிறகுதான் அவருக்கு நெட் கிடைத்தது.