பெரியம்மா வீட்டுச் சுவரில் மஞ்சளான படம்

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் நான் 2009-ல் இருட்டறையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. களத்தில் காயும் காப்பிப் பழத்தைப் பெரியம்மா கிளறிவிடுகிற படம். போன மாதம் பார்த்தால் ஓரமெல்லாம் பழுப்பு. "என்ன கண்ணு, இப்படி மஞ்சளாயிடுச்சு?" என்றார்கள்.

மலையின் ஈரக்காற்றுதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு என்னுடையது. அந்தக் கோடையில் சேலத்தில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வந்தது. மருந்தை நாருக்குள் இழுத்துக்கொள்ளும் ஃபைபர் பேப்பரைப் பத்தே நிமிடம் அலசிவிட்டுக் காயப்போட்டேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பு என்பது நுண்ணிய வெள்ளித் துகள். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேட் கரைசல் கரைத்து எடுத்துவிடும். அந்த ஹைப்போ காகித நாருக்குள் தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளியை அரித்துப் பழுப்பாக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தான். கொலுசுக்கு மெருகு போட்டுவிடலாம், படத்துக்கு முடியாது.

நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. மறுபடி போட்டேன். ஊட்டியில் தயாரான 'இந்து' பேப்பர் இப்போது கிடையாது. இங்கிலாந்து இல்ஃபோர்டுதான், ஒரு தாளை வீணாக்கவும் மனம் வராது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், ஐஸ்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் மருந்து ட்ரேயில் மிதக்கவிட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஹைப்போவில் இரண்டு ட்ரே, ஒன்றுக்குப் பின் ஒன்று. ஒரு அலசல். லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம். இது ஹைப்போவைச் சீக்கிரம் வெளியே விடவைக்கும், தண்ணீரும் மிச்சம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி ஒரு மணி நேரம். கடைசியில் வெள்ளை ஓரத்தில், அசிட்டிக் அமிலம் சேர்த்த சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு. ஹைப்போ மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பழுப்புக் கறை விழும். இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்தேன். கறை தெரிகிறதா தெரியவில்லையா என்கிற அளவுக்கு லேசாக இருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு ஃப்ரேம் போட்டேன். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டு, உள்சுவரில் மாட்டினேன்.

பழையதைக் கேட்டால் பெரியம்மா தரவில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துவிட்டார்கள். சரி என்று, அங்கிருந்த பாச்சை உருண்டையை மட்டும் எடுத்துவிட்டு, படத்தை அமிலமில்லாத தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.