வேலி யார் போட வேண்டும்?

சென்ற மாதம் காங்கேயத்தை அடுத்துள்ள எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், கிளுவைச் செடி வேலி இரண்டு இடங்களில் பட்டுப்போக, அந்தச் சந்தில் நுழைந்த கிடாரி பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தை மேய்ந்துவிட்டது. “மாடு வைத்திருப்பவர்தானே வேலியைப் பார்க்க வேண்டும்” என்றார் தோட்டக்காரர். அப்புச்சி மறுபேச்சின்றி நட்டத்தைக் கொடுத்தார். நம் பக்கத்தில் அதில் தகராறே கிடையாது. அத்துமீறிய மாடு முன்பெல்லாம் அப்படிப்பட்ட மாடுகளை அடைத்துவைக்கும் தொண்டுப்பட்டிக்குத்தான் போகும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. வெள்ளாமை செய்பவரே வேலி போட வேண்டும். மாடும் பன்றியும், வேலியில்லாத நிலம் யாருடையதானாலும், அங்கே மேயலாம். காதில் வெட்டிய அடையாளமே உடைமைக்குச் சான்று. ஆகவே ஒரு குழி நிலம் இல்லாதவரும் நான்கு பன்றிகளைக் காட்டில் விட்டு வளர்த்து, இறைச்சிக்குக் கடைக்காரரிடம் போய் நிற்காமல் காலம் தள்ள முடிந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. ரயில் பாதை மேட்டுநில மாவட்டங்களுக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே உரமும் பருத்தியும் வணிகரின் கடனும் வந்தன. இன்னும் விளையாத பயிரை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு வணிகர் விதையும் மாவும் கொடுத்தார். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிட உயர்ந்த விலை. மண்டியில் முன்பணம் வாங்கியவர் அதே மண்டியில்தான் மூட்டையை இறக்க வேண்டும் என்பதை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பருத்திதான் போட வேண்டும் என்பது வணிகரின் நிபந்தனை. அந்தப் பருத்தியோ 1894இல் பவுண்டுக்கு 5 சென்ட் அளவுக்கு இறங்கியது.

இதற்கிடையில், கால்நடையை அடைப்பது உடையவரின் பொறுப்பா என்பதை அந்தந்த மாவட்டமே வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம் என 1872இல் சட்டம் வந்தது. வேலிக்கு மரம் கிடைக்கவில்லை, செலவு மிகுதி என்றனர் பெருநிலக்காரர்கள். பொதுமேய்ச்சல் போனால் ஏழையின் மாடும் போகும் என்றனர் சிறு விவசாயிகள். கரோல் போன்ற மாவட்டங்களில் சட்டம் முதலில் தோற்றது. கடன் சீட்டு ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக நெருக்கியது. வேலித் தேர்தலோ யார் எந்தப் பக்கம் என்பதை ஊரறியக் காட்டியது. பின்னர் விவசாயிகளிடையே எழுந்த மக்கள் கட்சிக்கு இதுதான் பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம்.

அக்கட்சியின் டாம் வாட்சன் 1892இல், கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே கடன்தான் நசுக்குகிறது என்று பேசினார். அவ்வாண்டு அகஸ்டா நகரில் பெருமளவு கள்ள வாக்குகள் விழ, நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். பிற்காலத்தில் அதே வாட்சன் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிப்பதை ஆதரித்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கசக்கிறது. நிலமுள்ளவருக்கே வாக்கு என்று வேலித் தேர்தல்களின்போது எழுந்த குரல், ஜார்ஜியாவின் 1908ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தில் ‘40 ஏக்கர் நிலம் அல்லது 500 டாலர் சொத்து’ என்று வாக்காளர் தகுதிகளுள் ஒன்றாகவே எழுத்தில் ஏறியது. நிலமில்லாத வெள்ளையருக்குப் போர்வீரரின் வாரிசு என்று நுழைய ஒரு சந்து விட்டிருந்தார்கள். கறுப்பரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தச் சந்தும் திறக்கவில்லை.