சேலைக் கீற்றில் ஒட்டுப்போர்வை: ஓரத்திலிருந்து தொடங்கினேன்

ஒட்டுப்போர்வை என்றதும் எல்லோரும் முதலில் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். இந்த நிறத்துக்கு அந்த நிறம் ஒத்துப்போகுமா என்று பார்த்துப் பார்த்தே பாதி உற்சாகம் தீர்ந்துவிடும். இந்தத் தடவை நான் ஓரத்திலிருந்து தொடங்கினேன். அடித்துணி எவ்வளவு பெரிதாக வேண்டும், மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் எப்போது சேர்ப்பது, விளிம்பைச் சுற்றி மூடும் பட்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதையெல்லாம் ஓரம்தான் முடிவு செய்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசியில் துணி மிஞ்சாது.

போர்வை அண்ணன் மகனுக்கு. விடுதிக்குப் போகிறான். எடை குறைவாக இருக்க வேண்டும், வாளியில் முக்கித் துவைத்தாலும் தாங்க வேண்டும், சீக்கிரம் காய வேண்டும். அவன் கிளம்புவதற்குள் முடித்துத் தர வேண்டும் என்பது மைனி போட்ட நிபந்தனை.

கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, விளிம்பை உள்ளே மடித்து, ஓரத்திலிருந்து துண்டு துண்டாக வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுப்பகுதிக்கு வருவார்கள். நடுவில் வந்து முடியும்போது ஓர வேலை என்று ஒன்று பாக்கியே இருக்காது. அது முழுக்கக் கைத்தையல், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் ஓரத்தை முதலில் தீர்ப்பது என்ற யோசனையை அங்கிருந்துதான் எடுத்தேன்.

வைகாசி: ஓர மாதிரிகள்

கைக்குட்டை அளவில் மூன்றடுக்குத் துண்டுகள் சில தைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை ஓரம் போட்டேன். வீட்டுத் துணிகளோடு சேர்த்து வாஷிங் மிஷினிலும் போட்டேன், துவைக்கிற கல்லிலும் அடித்துப் பார்த்தேன்.

இருப்பதிலேயே வேகமானது, அடித்துணியையே முன்பக்கம் மடித்துத் தைப்பது. அடித்துணியை நாலு பக்கமும் 1 அங்குலம் கூடுதலாக விட்டு, அதைப் பாதியாக மடித்து விளிம்போடு சேர்த்து, இன்னொரு மடிப்பு போட்டுத் தைத்தால் அரை அங்குலப் பட்டி வந்துவிடும். தனிப் பட்டி வேண்டாம், ஒட்டுப்போட வேண்டாம். ஆனால் உரசல் படுகிற அந்த விளிம்பில் ஒரே ஒரு அடுக்குத் துணிதான் இருக்கிறது. போர்வையில் முதலில் நைந்துபோவதும் அந்த இடம்தான். தனிப் பட்டி என்றால் பிரித்துவிட்டு வேறு போடலாம். இது அடித்துணியோடு சேர்ந்தது, மேலே இன்னொரு பட்டி வைத்து மூடத்தான் முடியும். சோபாவில் கிடக்கும் போர்வைக்கு இது போதும். விடுதிக்கு வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் தலையணை உறை மாதிரி தைத்துத் திருப்புவது. நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து, சுற்றிலும் தைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, அது வழியாக வெளியே புரட்டி எடுக்க வேண்டும். சின்னத் துண்டில் அருமையாக வந்தது. கட்டில் அளவில் நடு அடுக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். விளிம்புத் தையலை விரலால் நிமிண்டி நிமிண்டி வெளியே கொண்டுவந்து இஸ்திரி போட்டு, மேலே ஒரு தையல் ஓட்டியாக வேண்டும். நடுத் தையல்களையும் அதற்குப் பிறகுதான் போட முடியும். குழந்தைப் போர்வைக்கு இதைத்தான் சொல்வேன், பெரிய அளவுக்குச் சொல்ல மாட்டேன்.

கடையில் சுருளாக விற்கும் பயாஸ் டேப், அதாவது இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டி, பார்க்க நேரம் மிச்சம் போலத் தெரியும். எனக்குக் கிடைத்தது அகலம் போதாதது. மேலே பிடித்தால் அடியில் உள்ள அடுக்கு நழுவுகிறது. சாட்டின் பட்டி பளபளவென்று இருந்தது, கல்லில் ஒருமுறை அடித்ததும் இழை இழுத்துக்கொண்டது. குறுக்கு வெட்டுப் பட்டி வளைந்த ஓரத்துக்குக் கட்டாயம் வேண்டும். நேர் ஓரத்துக்குத் தேவையில்லை. தேய்மானத்தில் குறுக்கு வெட்டுக்கு ஒரு நன்மை உண்டு: விளிம்பு முழுக்க ஒரே இழை மேல் பாரம் விழாது. அதற்காகக் குறுக்கே வெட்டி ஒட்டுப்போடும் வேலையைத் தலையில் இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தையல்கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கலாம், சீக்கிரம் முடியும், பாய் மேல் விரிக்கிற துணிக்குச் சரி. விளிம்பை இழை பிரித்துவிட்டுத் தொங்கவிடும் வகையும் உண்டு. மிஷினில் போட்டால் வடிகட்டி முழுக்க நூல் குப்பை.

மாதிரிகளைப் பார்த்த அடுத்த வீட்டு மாமி, “லேஸ் வைக்கலாமே, நம்ம ஊருக்கு அதுதானே பேரு” என்றார். பேர் நியாயமானதுதான். லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கிய வேலை அது. மேசை விரிப்பில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் இளவட்டப் பையன்கள் வாளியில் மிதிக்கப்போகும் போர்வையில் லேஸை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கடைசியில் இரட்டை மடிப்பு நேர்ப்பட்டி. நீளவாக்கில் இரண்டாக மடித்த துணி, விளிம்பில் இரண்டு அடுக்கு. தைக்க நேரம் பிடிக்கும் என்பார்கள். அந்த நேரம் பெரும்பாலும் பட்டி வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் கையால் மடக்கித் தைப்பதிலும்தான் போகிறது. மூன்றையும் குறைத்துவிட்டால்?

ஆனி: துணி

வெளிநாட்டில் வெட்டி அடுக்கிய துணிக் கட்டுகள் கிடைக்கின்றன. 5 அங்குலச் சதுரம், 10 அங்குலச் சதுரம், இரண்டரை அங்குலக் கீற்று என்று. இங்கே இணையத்தில் வாங்கலாம், விலைக்குப் பயந்தால் விட்டுவிடலாம். கணக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். தையலுக்குப் போவது போக, 54க்கு 72 அங்குலத்தை 5 அங்குலச் சதுரங்களால் நிரப்ப 192 துண்டு வேண்டும். 10 அங்குலம் என்றால் 48 துண்டில் 57க்கு 76 வந்துவிடும். துண்டுகளை வரிசையாகக் கோக்க மட்டும் சின்னச் சதுரத்தில் 176 குட்டித் தையல், பெரியதில் 40. பார்க்கச் சின்னதுதான் அழகு, அதை மறுக்கவில்லை.

தையல்கடையில் மூட்டையாகக் கிடைக்கும் வெட்டுத் துண்டுகள் மலிவு. ஆனால் நேரத்தைத் தின்பது அதுதான். பிரிப்பது, இஸ்திரி போடுவது, கோணலை நேராக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான் வெட்டவே தொடங்க முடியும்.

நான் எடுத்தது வீட்டில் இருந்த பழைய கைத்தறிப் பருத்திச் சேலைகள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 அங்குலம். கடைக் கீற்று ஒன்று 42 அங்குலம்தான். கீற்றுகளை நீளமாக இணைத்து, அதைப் பாதியாக மடித்து மடித்துத் தைக்கும் முறைக்குக் கடைத்துணியில் 40 கீற்றும் 39 ஒட்டும் வேண்டும். சேலையில் 8 கீற்று, 7 ஒட்டு. இந்த ஒரு கணக்குக்காகவே சேலையைப் பரிந்துரைப்பேன்.

வெட்டவும் இல்லை. பருத்திச் சேலை இழைவாக்கில் நேராகக் கிழியும். தலைப்பு ஓரத்தில் 2 அங்குலம் 6 நூலுக்கு ஒரு கத்தரி வெட்டு வைத்து இரண்டு கையாலும் இழுத்தால், ‘சர்ர்’ என்று மறுமுனை வரை ஓடிவிடும். நம் தையல்காரர்கள் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். கிழித்த விளிம்பில் இழை கொஞ்சம் உதிரும் என்பதால் தையலுக்கு 2 நூலுக்குப் பதில் 3 நூல் விட்டேன். தைத்த பிறகு கீற்று சரியாக 2 அங்குலம் நிற்கும். நைலக்ஸும் பட்டும் இந்த வேலைக்கு ஆகாது. பாலராமபுரம் நேரியல் (கேரளக் கைத்தறி மேலாடை) ஒன்றும் இருந்தது. அதன் கசவு ஜரிகை உறுத்தும் என்று அதை எடுக்கவில்லை.

கிழிப்பதற்கு முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கொசுவம் விழும் பகுதியும் கால் தட்டும் அடிப்பகுதியும் நைந்திருக்கும். ஃபால்ஸைப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம், அந்தப் பகுதியோடு சேர்த்தே கிழித்து ஒதுக்கிவிடலாம். அப்புறம், கிழிக்கும் முன்பே மெல்லிய கஞ்சி போட்டுக் காயவைத்தேன். துவண்ட பழந்துணி விறைத்துக்கொண்டு மிஷினில் நேராகப் போயிற்று.

நாலு சேலையிலிருந்து தலா 2 கீற்று. அதோடு, ஓரம் முன்பே முடிவானதால் அரக்குச் சேலையிலிருந்து பட்டிக்கு இன்னும் 2 கீற்று அதே அகலத்தில் கிழித்து வைத்துவிட்டேன். போர்வை 53க்கு 75, சுற்றளவு 256 அங்குலம், மூலைக்கும் முடிப்புக்கும் 12 கூட்டினால் 268. இரண்டு கீற்றில் 432 இருக்கிறது. ஒரே ஒரு ஒட்டு.

“ஏன் பிள்ளே, ஒரு போர்வைக்கு இவ்வளவு கணக்கா?” என்று மைனி கேட்டார். கணக்கு பேப்பரில் முடிந்தால் மிஷினில் முடியும் என்றேன்.

நடு அடுக்கும் அடித்துணியும்

இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆனியில் தடித்த பருத்தி அடுக்கு வைத்த போர்வையைக் காயவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே ஈரவாடை. பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் சீக்கிரம் காயும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும். கோட்டாற்றில் மெத்தைக்கு விற்கும் இலவம்பஞ்சை இதற்குள் நினைக்கவே வேண்டாம்; துவைத்தால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். ஃபிளீஸ் கம்பளத்தை அடியில் போட்டால் நடு அடுக்கே தேவையில்லை, நூலும் பிரியாது, நேரம் நிஜமாகவே மிச்சம். குளிர் ஊரில் படிக்கிற பிள்ளைக்கு அதைச் செய்வேன். இவனுக்கு நடுவில் ஒரு பழைய பருத்தி பெட்ஷீட், அவ்வளவுதான்.

அடித்துணி 60க்கு 90 அங்குலப் புது ஒற்றை பெட்ஷீட். ஒட்டே இல்லாமல் அகலம் கிடைக்கிறது. புதுசைத் துவைக்காமல் தைக்கக் கூடாது. சேலை சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கிவிட்டது. அடித்துணி மட்டும் பிறகு சுருங்கினால் மேல்பக்கம் முழுக்கச் சுருக்கம் விழும்.

தையல்

8 கீற்றையும் ஒரே நீளமாக இணைத்து, முதல் கீற்றின் தலையில் ஒன்றரை அடி வெட்டி எடுத்தேன். எடுக்காவிட்டால் மடிக்கும்போது ஒட்டுகள் ஒரே இடத்தில் வந்து குவியும். நுனியை நுனியோடு சேர்த்துப் பாதியாக்கி முதல் தையல் 71 அடி. கால்மிதி மிஷினில் 71 அடி என்பது ஒரு பாட்டம் மழை. அடுத்தது 35 அடி, பிறகு பாதி, அதிலும் பாதி, கடைசியில் நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து நீளத் தையலில் 32 வரிசை வந்துவிடுகிறது. எந்த நிறம் எதன் பக்கத்தில் விழும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது, யோசிக்கும் வேலை மிச்சம். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சேலைக் கரைகளை 6 அங்குலப் பட்டையாகச் சேர்த்ததும், தையலுக்குப் போனது போக 53க்கு 75 ஆனது.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, டைல்ஸ் கோட்டை நேர்க்கோடாக வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தினேன். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, நாலு வரிசைக்கு ஒருமுறை நேர்த்தையல். நடுவில் பஞ்சு இல்லாததால் 8 அங்குல இடைவெளி போதுமானது.

ஆடி: பட்டி

பட்டியை மடித்து இஸ்திரி போட்டு, திறந்த விளிம்பைப் போர்வையின் பின்பக்க விளிம்போடு வைத்து 3 நூல் உள்ளே தள்ளித் தைத்தேன். மூலைக்கு 3 நூல் முன்பே நிறுத்தி, ஊசியைத் தூக்கி, பட்டியை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் ஒரு முக்கோண மடிப்பு விழும். அதை அப்படியே கீழே திருப்பி, அடுத்த பக்கத்து விளிம்போடு சேர்த்து மேலிருந்து தையலைத் தொடங்க வேண்டும். அந்த முக்கோணம் உள்ளே நின்று, முன்பக்கம் மடக்கும்போது படத்துச் சட்டம் போல மூலை தானாக விழுகிறது. முதல் மூலையில் மெதுவாகப் போனேன், மீதியில் கை பழகிவிட்டது.

முன்பக்கம் மடக்கியதைத் துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு, 16ஆம் நம்பர் ஊசி மாற்றி மிஷினிலேயே தைத்தேன். பட்டி முதல் தையலைத் தாண்டி ஒன்றிரண்டு நூல் கூடுதலாக வருவதால், மேல்தையல் பட்டி விளிம்பிலேயே ஓடுகிறது. பின்பக்கம் அது பட்டியை ஒட்டி ஒரு கோடாகத் தெரியும். கையால் மறைவுத் தையல் போட்டால் தெரியாதுதான். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் அப்படிச் செய்யட்டும்.

வாளியில் ஒன்று, மிஷினில் ஒன்று என்று துவைத்துப் பார்த்தாயிற்று. சாரல் விட்ட இடைவேளையில் திண்ணைக் கொடியில் போட்டதே மாலைக்குள் காய்ந்துவிட்டது. மூலைகள் அப்படியே நிற்கின்றன. கிழித்த விளிம்பிலிருந்து ஓரிடத்தில் இழை எட்டிப்பார்த்தது, வெட்டிவிட்டேன்.

மைனிக்கு இப்போது இரட்டைக் கட்டிலுக்கு வேண்டுமாம். கீற்றை 3 அங்குலம் 6 நூலாகக் கிழித்தால் தைத்த பிறகு 3 அங்குலம் நிற்கும். 14 கீற்றில் 93க்கு 96 வரும். பட்டிக்குப் பழைய அகலத்திலேயே 2 கீற்று. அடித்துணிக்கு 108க்கு 108 பெட்ஷீட் வாங்கியாயிற்று, இப்போது தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.