பாளையங்கோட்டை வெயிலில் ஒரு கம்பளிக் கையுறை

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் ஃபேனுக்கு அடியில் கம்பளி நூலுண்டையை மடியில் வைத்துக்கொண்டு டொராண்டோவில் இருக்கும் பேரனுக்குக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை இல்லை. கட்டைவிரல் மட்டும் தனி, மற்ற நாலும் ஒரே பைக்குள் ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், பனிக்கு அதுதான் நல்லது. மணிக்கட்டில் இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி புரட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால் ரப்பர் மாதிரி கையைப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரல் பிரியும் இடம்தான் கஷ்டம். நேற்று அங்கே ஒரு கண்ணி நழுவி ஆறு வரிசை கீழே ஓடிவிட்டது, அவ்வளவையும் பிரித்தேன். சரி, பிள்ளை கைக்குள் குளிர்காற்று போகக் கூடாதே.

ஊசி பிடிக்கச் சொல்லித்தந்தது எங்கள் ஆச்சி, இடையன்குடியில் பிறந்தவள். 19ஆம் நூற்றாண்டில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் அம்மா அந்த ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். ஆச்சி கம்பளியைத் தொட்டதே இல்லை, ஆனால் நூலை விரலில் சுற்றி இழுக்கும் இந்தப் பிடி அவளுடையது.

மகளுக்கும் மருமகனுக்கும் மஃப்ளர் முடிந்துவிட்டது. ஏட்டி, வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதே, சுருங்கிப்போகும்.