வலது பக்கம் ஊமை, பின்பக்கம் தொங்கல்

ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கி இசைத்தட்டின் மேல் நகரும் கைதான் டோன்ஆர்ம். பழைய ஜப்பானிய டோன்ஆர்ம் இரண்டை அருகருகே வைத்து எது உசத்தி என்று கேட்டுப் பார்க்கும் திட்டம் காலை பத்து மணிக்குத் தொடங்கும். முதல் பாட்டு ஒலிப்பது இரவு எட்டுக்கு. நடுவில் உள்ள பத்து மணி நேரமும் ஆர்முக்குப் போவதில்லை, அதற்குள் இருக்கும் ரப்பருக்கும் துருவுக்கும் போகிறது.

மாட்டியவுடன் வலது பக்க ஸ்பீக்கர் ஊமையாகும். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் போச்சு என்று முகம் வெளிறும். போகவில்லை. ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றுங்கள். அதன் கழுத்தில் உள்ள நாலு பின்னும் கறுத்திருக்கும். ஆர்ம் குழாயின் வாயில் ஸ்ப்ரிங் வைத்த நாலு பின்கள் உண்டு. அதில் ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பல் குச்சியால் இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்திவிட்டால் எழுந்துவிடும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடுகிறவர்கள் பின்னின் முலாமையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, அடுத்த மாதம் அதே ஊமையைச் சந்திப்பார்கள்.

கார்ட்ரிட்ஜின் பின்னால் வரும் நாலு கம்பிகளில் வெள்ளை இடது, நீலம் இடது எர்த், சிவப்பு வலது, பச்சை வலது எர்த். கம்பி முனையில் உள்ள கிளிப் தளர்ந்திருந்தால் இடுக்கியால் அழுத்துவதற்கு முன் உள்ளே பல் குச்சியை விட்டுக்கொள்ளுங்கள், நசுங்காது. கார்ட்ரிட்ஜ் பின்னில் நேரடியாகப் பற்றவைப்பு மட்டும் வேண்டாம். தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பி அந்தச் சூட்டைத் தாங்காது.

அடுத்து பின்பக்கம். ஆர்மைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சமநிலைக்கான கவுண்டர்வெயிட் எடையை மாட்டும் தண்டு கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதிர்வைத் தடுக்க உள்ளே வைத்த ரப்பர் நாற்பது வருடத்தில் களைத்துவிட்டது. சில ஆர்ம்களில் அது களிமண்ணாகவும், சிலவற்றில் பிஸ்கட்டாகவும் மாறியிருக்கும். எடை நேர்கோட்டில் இல்லாததால், இசைத்தட்டு மேடு பள்ளமாக இருக்கும்போது ஊசியின் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். தண்டைக் கழற்றி, பழைய ரப்பரைச் சுரண்டி, அதே கனத்தில் புது வளையம் போடலாம். வளையத்துக்குப் பதில் கடினமான பசையை நிரப்புவதும் நடக்கிறது. தொங்கல் போகும், ஆனால் ரப்பர் செய்த வேலையும் போகும்.

ஆர்மைத் தூக்கி இறக்கும் லிஃப்ட் நெம்புகோலை இறக்கியதும் ஆர்ம் "தொபுக்" என்று விழுகிறதா? உள்ளே இருந்த சிலிகான் கிரீஸ் குறைந்துவிட்டது. 3 லட்சம் முதல் 5 லட்சம் சென்டிஸ்டோக் (பிசுபிசுப்பின் அலகு) வரை உள்ள சிலிகான் திரவம், தண்டில் பூசும் அளவு போதும். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் விழும் வேகம் கூடும்.

ஆர்ம் சுழலும் பேரிங்கில் எண்ணெயே வேண்டாம். ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள்; "டிக்" என்றால் ஆட்டம் இருக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைக் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுகூடத் திருப்ப வேண்டாம், அதில் பாதி போதும். கூடினால் ஆர்ம் இறுகும், பாட்டு தட்டின் நடுவை நோக்கிப் போகப் போகக் கரகரக்கும். சேக் என்ற ஜப்பானிய நிறுவன ஆர்மின் கத்திமுனைப் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால், எழுந்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

இனி ஒப்பீடு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயர் வைத்திருப்பவர்கள் எல்லா ஆர்முக்கும் ஊசியில் இருந்து ஹெட்ஷெல் வளையம் வரை 52 மில்லிமீட்டர் அளப்பார்கள். அது தட்டின் மையத்தில் இருந்து 215 மில்லிமீட்டர் தூரத்தில் அச்சு நிற்கும் அந்த ஆர்முக்கான கணக்கு. ஃபிடிலிட்டி ரிசர்ச் நிறுவனத்தின் எஃப்ஆர்-64எஸ் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆர்முக்குத் தட்டின் மையத்தில் இருந்து ஆர்மின் அச்சுக்கு 230, அச்சில் இருந்து ஊசி வரை 245. இதில் 52-ஐக் கொண்டுபோய் வைத்துவிட்டு "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒலி கடுமை" என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

அழுத்தம் வைப்பதிலும் ஒரு கூத்து. எஃப்ஆர்-64எஸ் ஸ்ப்ரிங் மூலம் அழுத்தம் தருவது. டயலைப் பூஜ்யத்தில் வைத்து, கவுண்டர்வெயிட்டால் ஆர்மை மிதக்கவிட்டு, அதன் பிறகே டயலைத் திருப்ப வேண்டும். டயல் 2-இல் இருக்கும்போதே மிதக்கவிட்டால், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ சுழி. டயல் மட்டும் 2 கிராம் என்று நெஞ்சை நிமிர்த்தும். சரிபார்க்கத் தராசு வைத்தால், அதன் தட்டு இரும்பாக இருந்து கார்ட்ரிட்ஜ் எம்சி (மூவிங் காயில்) வகையாக இருந்துவிட்டால், உள்ளே இருக்கும் காந்தம் இழுத்துத் தவறான எண் காட்டும். திருகாணி முடுக்கும்போதும் அப்படித்தான்: ஸ்க்ரூடிரைவர் தானாகவே ஊசியை நோக்கிப் பாயும். காப்பு மூடியைக் கழற்றாமல் வேலை பாருங்கள்.

ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டு ஆர்மில் மாட்டினால் சமமான ஒப்பீடு என்று நினைப்போம். அப்படியில்லை. ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக அதிரும் ஒரு அதிர்வெண் உண்டு: அதிர்வெண் = 159 ÷ √(கிராமில் மொத்த எடை × இணக்கம்). இணக்கம் என்பது ஊசி எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கிறது என்பதன் அளவு. டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜின் இணக்கம் 100 ஹெர்ட்ஸில் 5 என்று அச்சிட்டிருக்கும். 10 ஹெர்ட்ஸுக்கு அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி 9 என்று வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜ் 8.5 கிராம், ஹெட்ஷெல்லோடு எஃப்ஆர்-64எஸ்ஸின் பயனுறு எடை (ஊசி உணரும் ஆர்மின் எடை) சுமார் 35. விடை 8 ஹெர்ட்ஸ், பொருத்தம். 12 கிராம் ஆர்மில் அதே கார்ட்ரிட்ஜ் கிட்டத்தட்ட 12 ஹெர்ட்ஸ், ஏற்கத்தக்க வரம்பின் மேல் ஓரத்தில் நிற்கிறது. இணக்கம் 25 உள்ள 6 கிராம் எம்எம் (மூவிங் மேக்னெட்) கார்ட்ரிட்ஜை எஃப்ஆரில் மாட்டினால் 5 ஹெர்ட்ஸ். கோணலான தட்டின் அசைவு இருக்கும் இடமே அதுதான். ஸ்பீக்கர் கோன், பாட்டு இல்லாத இடத்திலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கும்.

இத்தனையும் சரிசெய்து, இரண்டு ஆர்மையும் மாற்றி மாற்றிக் கேட்டு, "இதில் பாஸ் ஆழம்" என்று எல்லாரும் தலையாட்டும்போது, ஒருவர் மறுபடி தராசை வைத்துப் பார்ப்பார். ஒன்றில் 2.5 கிராம், மற்றதில் 2.1.