சூரிச்சில் இரவல் வாங்கிய ஒயர்

சூரிச் ஹோட்டல் அறைக்குள் நுழைந்தபோது லேப்டாப்பில் 9 சதவீதம் சார்ஜ். காலையில் அனுப்ப வேண்டிய வேலை பாதியில் கிடந்தது. ஆனாலும் பதறவில்லை. 'ஐரோப்பா முழுவதற்கும்' என்று அட்டையில் அச்சிட்ட அடாப்டர் பையில் இருந்ததே! சுவரில் வைத்துப் பார்த்தால் உள்ளேயே போகவில்லை. அது ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் பொருந்தும் தடித்த வட்ட பிளக். சுவிட்சர்லாந்தின் சாக்கெட் அறுகோணப் பள்ளத்துக்குள் மூன்று சிறு துளைகளோடு இருக்கிறது. தட்டையான, மெல்லிய ரெண்டு பின் பிளக் மட்டும் ரெண்டு இடத்திலும் நுழையும். என் போன் சார்ஜர் அந்த ரகம். அதற்கு ஒரு குறையும் இல்லை.

வோல்டேஜ் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். லேப்டாப் சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தால் ஜப்பானின் 100, அமெரிக்காவின் 120, ஐரோப்பாவின் 230 எல்லாமே அதற்கு ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மர் சுமக்க வேண்டாம். (முடி உலர்த்தும் கருவிக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது.) சிக்கல் பின்னின் வடிவத்தில் மட்டுமே.

வரவேற்பறையில் போய் நின்றேன். அங்கிருந்தவர் இழுப்பறையைத் திறந்து, யாரோ மறந்துவிட்டுப் போன ஒயர் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு முனையில் சுவிஸ் பிளக், மறுமுனையில் மூவிலை போன்ற மூன்று துளை. என் சார்ஜர் டப்பாவிலிருந்து பழைய ஒயரை உருவிவிட்டு இதைச் செருகினேன். விளக்கு எரிந்தது. இத்தனை வருஷமாக அந்த ஒயர் தனியாகக் கழலும் என்பதைக் கவனித்ததே இல்லை!

அதற்குப் பிறகு சில நாள் தங்குவதென்றால் அந்த ஊர் ஒயரையே வாங்கிவிடுகிறேன். அடாப்டர் மாதிரி சுவரிலிருந்து தொங்கி விழாது. லண்டன் ஒயர் என்றால் பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸும் இருக்கும்.

இன்னொன்று: சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், அட்டையோடு வெளியே போனால் சார்ஜும் நின்றுவிடலாம். ஒரு முறை நான்கு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, சார்ஜ் அப்படியே இருப்பதைப் பார்த்துத்தான் இது உறைத்தது.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர்.

போன பயணத்தில் லண்டன் ஒயரை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இந்நேரம் ஏதாவது இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.