ரெண்டும் ஒண்ணுதான் தம்பி

"அண்ணே, வெள்ளைப் பக்கமா, சாம்பல் பக்கமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. மேல பூச்சுதானே வரப்போகுது."

இந்தப் பதிலுக்கு இரண்டு விநாடி ஆகியிருக்காது. கேட்டவர் சாரத்தில் நின்று, சீலிங்குக்கான, இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டைத் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு போர்டு சாம்பல் பக்கம் கீழே பார்க்க ஏறிய பிறகுதான் நான் சொன்னது தப்பு என்று உறைத்தது. கழற்றுவதா, அப்படியே பூசுவதா? அப்படியே பூசியாயிற்று. சீலிங்கில் ஒரு விரிசல்கூட இல்லை. உறுத்துவதே அதுதான்.

பதில் முழுப் பொய்யும் இல்லை. பிரிட்டனில் முன்பு போர்டு தயாரித்தவர்களே இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேலை சொல்லியிருந்தார்கள்: வழவழப்பான வெளிர் பக்கம் பெயின்டுக்கும் வால்பேப்பருக்கும், சொரசொரப்பான சாம்பல் பக்கம் பிளாஸ்டருக்கும். பிறகு அவர்களே மாற்றிக்கொண்டு, எந்த வேலையானாலும் வெளிர் பக்கமே வெளியே என்றார்கள். பழைய கைகளில் பழைய விதி தங்கிவிட்டது. சொரசொரப்பில்தான் பூச்சு பிடிக்கும் என்பது சிமென்ட் பூச்சில் பழகிய கண்ணுக்கு நியாயமாகவும் படும்.

ஜிப்சம் பிளாஸ்டர் பிடிப்பது வேறு விதம். தண்ணீர் சேர்ந்ததும் பொடி மறுபடி ஜிப்சமாக மாறுகிறது. அப்போது ஊசி ஊசியாகப் படிகம் வளர்கிறது. காகிதம் ஈரத்தை அளவாக உறிஞ்சினால் அந்த ஊசிகள் அதன் நார்களுக்குள்ளேயே வளர்ந்து கோத்துக்கொள்ளும். அதனால் உறிஞ்சல்தான் முக்கியம், சொரசொரப்பு அல்ல. 2 மில்லிமீட்டர் பூச்சு ஈரமாக இருக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ. அத்தனையும் தொங்குவது காகிதத்தில். காகிதம் தொங்குவது உள்ளே இருக்கும் ஜிப்சத்தில். இந்த அளவில் பார்த்தால் சாம்பல் காகிதமும் காகிதம்தான், அதுவும் தாங்கும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பதில் இவ்வளவு உண்மை உண்டு.

ஆனால் போர்டுக்கு விளிம்பு என்று ஒன்று இருக்கிறதே. சரிவு விளிம்புப் போர்டில் இரண்டு நீளப் பக்கங்களும் கடைசி 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் மெலிந்து போகும். அந்தச் சரிவு வெளிர் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு போர்டு சேரும் இடத்தில் ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும். இணைப்பை மூடும் டேப்பும் அதன்மேல் பூசும் காம்பவுண்டும் அதற்குள் அடங்கி மட்டமாக உட்காரும். திருப்பிப் போட்டால் பள்ளம், மேலே போர்டைத் திருகும் உலோகச் சேனல் பக்கம் போய்விடும். பூசுகிற பக்கம் தட்டை. அதன்மேல் டேப் வைத்தால் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு.

மேட்டைக்கூட அகலமாக இழுத்து மறைத்துவிடலாம். பின்பக்கம் போன பள்ளம் செய்கிற வேலை அதைவிட மோசம். விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி ஸ்க்ரூ போடும் இடத்தில் போர்டுக்கும் சேனலுக்கும் நடுவே வெறும் காற்று. ஸ்க்ரூவை முடுக்கினால் விளிம்பு மேலே இழுபடும். இல்லாவிட்டால் தலை காகிதத்தைக் கிழித்து உள்ளே இறங்கும். ஸ்க்ரூவின் தலை காகிதத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. கிழிந்த ஸ்க்ரூ கணக்கில் சேராது, பக்கத்தில் இன்னொன்று போட்டாக வேண்டும். விளிம்பு சேனல் வரும் இடமெல்லாம் மேலேயும் இடைப்பட்ட இடமெல்லாம் கீழேயுமாக நிற்பதால் இணைப்புக் கோடு அலை அலையாக ஓடும். நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும் வரை.

இன்னொன்று, முன்பக்கக் காகிதம் நீள விளிம்பைச் சுற்றி மடிந்து பின்பக்கத்தில் வந்து ஒட்டியிருக்கும். சாம்பல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் விளிம்புக்கு உள்ளே தள்ளி அந்த ஒட்டுக்கோடு நேராக ஓடுவது தெரியும். நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். எங்கே நகம் உள்ளே போகிறதோ, அங்கே ஈரப் பூச்சும் உள்ளே போகும். முதல் கோட் இழுத்துக் கொஞ்ச நேரத்தில் நாணய அளவில் கொப்புளம் கிளம்பினால் கரணை நுனியால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கியே கிடந்தால் வெறும் காற்று. மெதுவாக மறுபடி எழும்பினால் காகிதம் விட்டுவிட்டது. அறுத்தெடுத்து, வெளிப்பட்ட இடத்துக்கு பிரைமர் கொடுத்து, நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கழற்றவில்லை? கணக்கு இப்படி ஓடியது. 1.2க்கு 2.4 மீட்டர் போர்டு, 400 மில்லிமீட்டருக்கு ஒரு சேனல், சீலிங்கில் 230 மில்லிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ. ஏழு சேனல், சேனலுக்கு ஆறு: போர்டுக்கு 42 ஓட்டை. ஸ்க்ரூ வெளியேறும் பக்கத்தில் காகிதம் பிய்ந்து கூம்பாக நிற்கும், அதாவது நல்ல வெளிர் பக்கத்தில். கழற்றித் திருப்பினால் அந்த 42 பிய்ந்த கூம்புகளும் பூசுகிற முகத்துக்கு வரும். புதுப் போர்டு போட்டிருக்கலாம். அந்த யோசனை அப்போதே வந்தது. வந்ததை ஒதுக்கியதும் நினைவிருக்கிறது. ஒதுக்கியதற்குத்தான் மேலே சொன்ன கணக்கு துணைக்கு வந்ததோ என்னவோ.

பூசிய விதத்தில் குறை சொல்ல முடியாது. விட்டிருந்த ஒட்டுக்கோடுகளைக் கத்தியால் அறுத்தெடுத்தது, கிழிந்த ஸ்க்ரூவுக்கெல்லாம் பக்கத்தில் புது ஸ்க்ரூ, பிறகு மணல் கலந்த பிரைமரை ஆறு போர்டுக்கு மட்டுமில்லாமல் சீலிங் முழுக்க உருட்டியது. பாதி சாம்பல், பாதி வெளிர் என்று விட்டால் உறிஞ்சல் இரண்டு விதமாகும். ஒரு பக்கம் கரணை இழுக்க முடியாமல் இறுகும்போது மறுபக்கம் இன்னும் கூழாகவே இருக்கும். தட்டை இணைப்புகளில் பேப்பர் டேப்பைப் பிளாஸ்டரிலேயே பதித்து, இருபுறமும் 300 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக இழுத்தது. 25 கிலோ மூட்டைக்குச் சுத்தமான தண்ணீர் பதினொன்றரை லிட்டர், தண்ணீரில்தான் பொடியைப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை அல்ல. வாளியில் பழைய பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் புதுக் கலவை சீக்கிரம் இறுகிவிடும், கழுவாமல் அடுத்தது கலக்கக் கூடாது. முதல் கோட் அழுத்தி; அது இறுகத் தொடங்கி, முழுக்க இறுகும் முன் இரண்டாவது. எல்லாம் சேர்த்து 3 மில்லிமீட்டர்.

ஆக, வாயால் செய்த தப்பைக் கையால் மூடியாயிற்று. சரிவில்லாத சதுர விளிம்புப் போர்டாக இருந்து, சீலிங் முழுவதும் ஒரே பக்கமாக ஏறியிருந்தால் அந்தப் பதிலை இவ்வளவு கிண்டிக் கிளற மாட்டேன். போர்டைத் தாங்கி நிற்பவரிடம் விளக்க நேரம் ஏது என்றும் ஒரு சமாதானம் உண்டு. ஆனால் "பள்ளம் உன் பக்கம் பார்க்கட்டும் தம்பி" என்று சொல்லவும் அதே இரண்டு விநாடிதான் ஆகியிருக்கும்.

அந்தத் தம்பி பிரைமர் உருட்டும்போது இல்லை, போர்டு வேலை முடிந்ததும் போய்விட்டார். இன்று யாராவது சாரத்தின் மேலிருந்து அவரைக் கேட்டால் ரெண்டும் ஒண்ணுதான் என்பார். காட்டுவதற்கு அவரிடம் விரிசல் விடாத ஒரு சீலிங்கும் இருக்கிறது.